காலியாக விட வேண்டிய இடம்

வீடு மாற்றித் தருகிற தொழிலில் இருப்பவர்களுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை பரபரக்கும். அந்தக் குடும்பத்தில் இந்தப் பரபரப்பு மொத்தமாகக் குடிகொண்டிருந்தது பெரியண்ணனிடம்தான். லாரியில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடம் தெரிந்தால் அதில் ஒரு ஸ்டூலைச் செருகுவார். ஸ்டூலின் கால்களுக்கு நடுவே ஒரு வாளி போகும். வாளிக்குள் துணியில் சுற்றிய சுவர்க் கடிகாரம் இறங்கும். கடிகாரத்தைச் சுற்றி மிச்சமிருக்கும் இடத்தில் கரண்டிகள். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு இடுக்கு என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கிய பெயர் அது. இப்போது வாடிக்கையாளர்களே ஃபோனில் "இடுக்கு அண்ணன் இருக்காரா" என்று கேட்கிறார்கள்.

அன்று காலை கடைக்குட்டி ஆபீசுக்குள் நுழைந்தபோது இடுக்கு அண்ணன் கம்ப்யூட்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. ஆபீஸ் என்றால் குடோனின் முன்பகுதிதான். மடித்த அட்டைப் பெட்டிகள் கூரைவரை நிற்கும். ஒட்டும் டேப் சுருள்கள் ஒரு கம்பியில் வளையல்கள்போல் கோத்துத் தொங்கும். மூலையில் ஒரு மேசை, அதற்கடியில் கம்ப்யூட்டர்.

"எழுந்திருக்க மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

"நீங்க ஏன் அத எழுப்பப் போனீங்க?"

"சும்மாதான். நீ வர்றதுக்குள்ள போட்டு வெக்கலாமேன்னு."

கடைக்குட்டி மூன்று பேரில் இளையவள். அண்ணன்மார் இரண்டு பேரும் தோளால் சம்பாதித்தார்கள். இவள் கம்ப்யூட்டரையும் ஃபோனையும் அளவு நாடாவையும் வைத்துக்கொண்டு சம்பாதித்தாள். அவள் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. துவங்குவதற்கு இங்கே எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள்.

"இன்னிக்குப் பாத்தா இது படுக்கணும்" என்றாள் பெரியண்ணி. ஃபோன் எடுப்பதும் ஆட்களை விரட்டுவதும் அவள் வேலை. "அறிவிப்பாளரம்மா வீடு இதுக்குள்ளதானே இருக்கு?"

"ஆமா அண்ணி. இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு."

அறிவிப்பாளரம்மாவை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை. ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று சொல்வது அவர் குரல். அந்தக் குரலைக் கேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர்கள் குறைவு. அந்தக் குரலுக்கு உரியவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. இத்தனை வருடமாகத் தனியாக இருந்த வீட்டை விட்டு, இன்னொரு கட்டடத்தில் அதே அமைப்பில் உள்ள வீட்டுக்கு மாறுகிறார். வீட்டைப் பார்க்கப் போன அன்றே அவர் கடைக்குட்டியிடம் சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். வேலை முடிஞ்சு வந்து புது வீட்டுக் கதவத் திறக்கிறேன். கைய நீட்டறேன். பழைய வீட்டுல கை போன எடத்துல எது இருந்துச்சோ அதுதான் அங்கயும் இருக்கணும். என் வீட்டுக்குள்ள நானே தடவித் தேடினா அது என் வீடு இல்லம்மா. யாரோ ஒருத்தர் வீடு."

"இருக்கும்மா. நான் பாத்துக்கறேன்" என்று கடைக்குட்டி சொல்லிவிட்டு வந்தாள்.

வாக்குக் கொடுத்தபடி வேலையும் செய்தாள். பழைய வீட்டை மூலை மூலையாகப் படம் எடுத்தாள். அளவு நாடாவோடு தரையில் உட்கார்ந்து, ரேடியோ சுவரிலிருந்து எவ்வளவு, கெட்டில் மேசை விளிம்பிலிருந்து எவ்வளவு, செருப்பு எந்தப் பக்கம் பார்த்து என்று அளந்தாள். அளந்ததை எல்லாம் வீட்டு வரைபடம் போடும் புரோகிராமில் ஏற்றினாள். ஃபோன் நிறைந்துபோனதால் அதிலிருந்த படங்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு ஃபோனில் அழித்தாள். காலையில் வந்து அச்செடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்தது. பழைய வீடு காலி. சாமானெல்லாம் லாரியில், இடுக்கு அண்ணன் கைவண்ணத்தில், எது எங்கிருந்து வந்தது என்று அந்தச் சாமானுக்கே தெரியாதபடி கிடந்தது. லாரி புது வீட்டு வாசலில் நின்றது. மாலை வேலை முடிந்ததும் அறிவிப்பாளரம்மா நேராக அங்கே வருவார்.

ஃபோன் அடித்தது. புது வீட்டிலிருந்து சின்னண்ணன்.

"என்னம்மா, ப்ளான் வருதா? இங்க ஆளுங்க கட்டில் மேலயே படுத்துட்டானுங்க."

"கொஞ்சம் நேரமாகும். சாமான இறக்குங்க, ஆனா எதையும் எங்கயும் வெக்காதீங்க."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் பாத்து வெச்சிடறேன்."

"போன தடவ டாக்டர் வீட்டு மீன் தொட்டிய குளியலறைல வெச்சதும் ஞாபகத்துலதானே?"

"தண்ணி பக்கத்துல இருந்தா நல்லதுன்னு நினைச்சேன்" என்றார் சின்னண்ணன், கொஞ்சம்கூடத் தளராமல்.

அதற்குள் பெரியண்ணி இன்னொரு ஃபோனில் கம்ப்யூட்டர் கடைக்காரரைப் பிடித்துவிட்டாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "கொண்டு வரச் சொல்றார். ஃபார்மட் பண்ணி சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவாராம்."

"ஃபார்மட்னா என்ன தெரியுமா அண்ணி? வீட்ட காலி பண்றது."

"அதத்தானே நாமளும் பண்றோம்?"

"நாம சாமான லாரில ஏத்திட்டு காலி பண்றோம். அவர் தெருவுல கொட்டிட்டுப் பண்ணுவார்."

அண்ணி கையை எடுத்துவிட்டு, "வேண்டாங்க, எங்க பொண்ணே பாத்துக்குமாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கடைக்குட்டிக்கு உண்மையிலேயே பதற்றம் இல்லை. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்பதற்கு, அதற்குள் இருப்பது போய்விட்டது என்று பொருள் கிடையாது. பூட்டிய வீட்டில் சாமான் அப்படியே இருக்கும். வாசல் வழி திறக்கவில்லையென்றால் வேறு வழியில் உள்ளே போக வேண்டும். அதற்காகவே இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய புதிதில் அவள் ஒரு ரெஸ்க்யூ டிஸ்க் எழுதி வைத்திருந்தாள். கம்ப்யூட்டருக்குத் தானாக எழ முடியாத நாளில் அந்த வட்டத்தட்டு தன் சொந்தக் காலால் அதை எழுப்பி நிறுத்தும்.

மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். உறை இருந்தது. உறைக்குள் டிஸ்க் இல்லை.

"அண்ணா, இதுல ஒரு டிஸ்க் இருந்துச்சே?"

இடுக்கு அண்ணன் தேநீரைப் பார்த்தார். "எந்த டிஸ்க்?"

"வெள்ளிக் கலர்ல. வட்டமா."

"அதுவா. ரொம்ப நாளா சும்மாவே கிடந்துச்சு."

"அதனால?"

அண்ணன் குடோனின் பின்பக்கத்தை நோக்கி முகவாயை நீட்டினார். அங்கே கூரைக்குக் கீழே காற்று வரும் ஜன்னலில் ஒரு நூலில் கட்டி, புறாக்களை விரட்டுவதற்காக, ரெஸ்க்யூ டிஸ்க் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

பெரியண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் கண்ணுல சும்மா இருக்கறது எதுவும் சும்மா இருக்க முடியாது. நான் கூட உக்காந்தா உடனே கைல ஒரு டேப்பக் குடுத்துடுவார்."

"புறா வர்றது நின்னுச்சா இல்லையா?" என்றார் அண்ணன் விட்டுக்கொடுக்காமல். ஏணியைக் கொண்டுவந்து அவரே ஏறி, நூலை அவிழ்த்து டிஸ்க்கை இறக்கித் தந்தார். புறாக்கள் அதற்குப் பயந்த மாதிரித் தெரியவில்லை. ஒரு பக்கம் முழுக்கத் தங்கள் கருத்தைப் பதிவு செய்திருந்தன.

நல்லவேளையாக அது பெயர் எழுதும் பக்கம். வெயில் நேராக விழாத ஜன்னல் என்பது இரண்டாவது நல்லவேளை. கடைக்குட்டி டிஸ்க்கைக் குழாயடியில் சோப்பு நுரையால் கழுவினாள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு மூன்று கீறல்கள், நகத்தில் தட்டுப்படாத கீறல்கள். அதில் ஒரு நீளமான வானவில் ஓடியது.

டிஸ்க் போடும் தட்டு வெளியே வர மறுத்தது. பெரியண்ணியின் காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, தட்டின் கீழே இருக்கும் ஊசித் துளையில் செருகி அழுத்தினாள். தட்டு நாக்கை நீட்டியது. டிஸ்க்கை வைத்து உள்ளே தள்ளி, கம்ப்யூட்டரைப் போட்ட கையோடு விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒரு பொத்தானை விடாமல் தட்டினாள். எதிலிருந்து எழவேண்டும் என்று அது கேட்டது. டிஸ்க்கைக் காட்டினாள்.

டிஸ்க் சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. தொண்டையைக் கனைப்பதுபோல் ஒரு சத்தம்.

"புறா ஞாபகம் வருதோ என்னமோ" என்றாள் அண்ணி.

மூன்று பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின. பிறகு ஓட்டம் நின்று, பழக்கமில்லாத ஒரு நீலத் திரை விரிந்தது. அதில் நான்கைந்து ஐகான்கள் மட்டும் இருந்தன, புதிதாகக் குடிவந்த வீட்டைப்போல.

கடைக்குட்டி முதலில் தங்கள் சாமானைத் தேடிப் போனாள். எதையும் மாற்றாமல் படிக்க மட்டும் செய் என்று அதற்குச் சொல்லி, கோப்புகள் இருக்கும் பெரிய பகுதியைத் திறந்தாள். படங்கள் வரிசையாக வந்தன. அறிவிப்பாளரம்மாவின் கட்டில், ரேடியோ, துணிக்கொடி, கெட்டில். வரைபடமும் அங்கேயே இருந்தது. எல்லாவற்றையும் வெளியிலிருந்து செருகும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தாள்.

"அதான் படமெல்லாம் வந்துருச்சே" என்று இடுக்கு அண்ணன் சட்டையின் கையை மடித்தார். "கிளம்பலாம். பாத்துப் பாத்து வெச்சிடலாம்."

"படம் போதாதுண்ணா. கெட்டில் மேசை மேல இருக்குன்னு படம் சொல்லும். விளிம்புல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு சொல்லாது. நமக்குக் கண்ணு இருக்கு, தள்ளி இருந்தா என்ன. அவங்க கொதிக்கிற கெட்டில நோக்கிக் கைய நீட்டுவாங்க. அளவு வரைபடத்துலதான் இருக்கு. அந்த வரைபடம் இந்த டிஸ்க்ல திறக்காது. நம்ம புரோகிராம்லதான் திறக்கும். அதனால இத எழுப்பியே ஆகணும்."

அண்ணன் மடித்த கையை இறக்கிவிட்டார்.

ஏன் எழவில்லை என்று பார்க்க, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் படத்தை அவள் திறந்தாள். திரையில் ஒரு நீளமான பட்டை வந்தது. அதில் பெரும்பகுதி பச்சை. அதுதான் படங்களும் புரோகிராம்களும் இருக்கும் பெரிய பகுதி. பட்டையின் ஆரம்பத்தில் நகத்துணுக்கு அளவுக்கு ஒரு சாம்பல் துண்டு, யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்ற குறிப்போடு.

கடைக்குட்டி நாற்காலியில் சாய்ந்தாள்.

"இங்க ஒரு சின்ன ரூம் இருந்துச்சு" என்றாள். "யாரு இடிச்சது?"

பெரியண்ணி திரையைப் பார்க்கவே இல்லை. நேராகப் புருஷனைப் பார்த்தாள்.

"நேத்து நீ போனப்புறம்" என்று ஆரம்பித்தார் இடுக்கு அண்ணன். "ஃபோட்டோ ஏத்த இடம் பத்தலன்னு நீ புலம்பிட்டிருந்தே. என்னதான் இருக்குன்னு பாத்தேன். பட்டையா காட்டுற ஒரு கருவிய நெட்ல யாரோ இலவசமா குடுத்துட்டிருந்தாங்க. அதுல பாத்தா, வாசல்லயே ஒரு சின்ன எடம் சும்மா நிக்குது. பேரும் இல்ல, ஊரும் இல்ல. திறந்து பாத்தா ஒண்ணும் தெரியல. சரி, நடுச் சுவர எடுத்துட்டு பெரிய ரூமோட சேத்துட்டா உனக்குக் கொஞ்சம் தாராளமா இருக்குமேன்னு."

"சேத்தீங்களா?"

"இடிச்சேன். சேக்கறதுக்கு ஒரு தடவ அணைச்சுப் போடச் சொல்லுச்சு. அணைச்சேன். அவ்வளவுதான்."

"காலைல இருந்து இத ஏன் சொல்லல?"

"நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு ஒரு நம்பிக்கதான்."

கடைக்குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட நினைத்தாள். ஆனால் அவளுக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்து ஒருவர் சுவரை இடித்திருக்கிறார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"அண்ணா, அது காலி மாதிரித் தெரியும். உள்ள இருக்கறத நமக்குக் காட்டாது. கம்ப்யூட்டர் முழிச்சதும் முதல்ல காலை வெக்கிறது அங்கதான். அங்க நின்னுதான் பெரிய ரூமுக்கு எப்படிப் போகணும்னு பாக்கும். அது இல்லன்னா, வீடு முழுக்க சாமான் இருந்தும் அதுக்கு வழி தெரியாது."

"அப்படின்னா ஒரு போர்டு மாட்டியிருக்கணும்" என்றார் அண்ணன். "ஆளில்லாத எடம்னு நினைச்சுட மாட்டாங்களா யாரும்?"

"யாரும் நினைக்க மாட்டாங்க. நீங்கதான் நினைப்பீங்க" என்றாள் அண்ணி.

"சுவரத்தான் இடிச்சிருக்கீங்க, தரையத் தோண்டல. நீங்க பெரிய ரூமோட சேத்து முடிக்காதது நல்லதாப் போச்சு. பழைய சுவரோட அடித்தடம் அங்கயே இருக்கும்."

ரெஸ்க்யூ டிஸ்க்கில் அதற்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. தொலைந்த பகுதிகளின் எல்லைகளைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. கடைக்குட்டி அதை ஏவிவிட்டாள். அது கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊர்ந்தது. அவசரமே இல்லாமல், தரையில் விழுந்த தோட்டைத் தேடுகிறவர்போல ஊர்ந்தது. இதற்கிடையில் சின்னண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார். முதல் முறை, ஆட்கள் தூங்கிவிட்டார்கள் என்றார். இரண்டாம் முறை, தூங்கி எழுந்துவிட்டார்கள் என்றார்.

கடைசியில் திரையில் இரண்டு வரிகள் வந்தன. பெரிய பகுதி. அதற்கு மேலே பெயரில்லாத சின்னப் பகுதி, ஆரம்பமும் முடிவும் அப்படியே. அவள் சின்னதைத் தொட்டு, துவங்குமிடம் இதுதான் என்று குறித்தாள். எழுதட்டுமா என்று புரோகிராம் கேட்டது.

"நிச்சயமாத் தெரியுமா உனக்கு?" என்றாள் அண்ணி.

"தெரியும்."

"தப்பாப் போனா?"

"சாமானெல்லாம் ஏற்கெனவே லாரில இருக்கு அண்ணி. எடுத்து வெச்சுட்டுத்தானே கை வெக்கிறேன்."

எழுதச் சொன்னாள். டிஸ்க்கை வெளியே எடுத்து உறையில் போட்டாள். அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து வரும் இடத்தை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து வரவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே வரவில்லை. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, தினமும் கேட்கும் அந்த ஆரம்ப இசை வந்தது.

இடுக்கு அண்ணன் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னண்ணன் ஞாபகத்திலிருந்து பாதி வீட்டை அடுக்கி முடித்திருந்தார். எதையும் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தும்தான். கட்டிலின் தலைமாடு கால்மாடாக இருந்தது. ரேடியோ ஜன்னலில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தது. கடைக்குட்டி வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு நாடாவை இழுத்தாள். அவள் எண்ணைச் சொல்ல, அண்ணன்மார் நகர்த்தினார்கள். கெட்டிலை அவளே வைத்தாள். செருப்பை அவளே திருப்பினாள். துணிகளை அறிவிப்பாளரம்மா எந்த வரிசையில் மடித்திருந்தாரோ அந்த வரிசையில் அடுக்கினாள்.

வாசல் கதவுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு ஓர் இடம் மிஞ்சியது. வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பெருக்கல் குறி மட்டும். பழைய வீட்டிலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. இருந்தபடி அளந்தாள், அவ்வளவுதான்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது இடுக்கு அண்ணன் அந்த இடத்தின் முன்னால் ஒரு குட்டி அலமாரியோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளறைக்குப் போகவேண்டிய அலமாரி. கைச்சாணால் ஒருமுறை அளந்தார். அலமாரியை உள்ளே தள்ளினார். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அது பொருந்தியது. இரண்டடி பின்னால் வந்து அதன் அழகைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டிய வரைபடத்திலிருந்த பெருக்கல் குறியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துகொண்டு நின்றார். அப்புறம் அலமாரியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். கடைக்குட்டி சத்தம் காட்டாமல் தலையை இழுத்துக்கொண்டாள்.

அறிவிப்பாளரம்மா மாலையில் வந்தார். சாவியால் கதவைத் திறந்து, ஒரே அடியில் வலது பக்கம் அந்தக் காலி இடத்துக்குள் நுழைந்தார். முதுகைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கைகளையும் விரித்தார். ஒன்று கதவுச் சட்டத்தைத் தொட்டது, மற்றொன்று பீரோவின் விளிம்பை. அப்படியே நின்று, ஒரு காலால் மறுகாலின் ஷூவைக் கழற்றினார்.

"இங்கருந்துதான் எனக்குத் திசையெல்லாம்" என்றார், யாரும் கேட்காமலே.

பிறகு நடந்தார். வேகமாக, கையை அலையவிடாமல். போகிற போக்கில் ரேடியோவின் திருகைத் தட்டினார், அது பாடியது. கால் செருப்புக்குள் நுழைந்தது. சமையலறையில் கை நீண்டது. கடைக்குட்டி அந்தக் கையையே பார்த்தாள். விரல்கள் கெட்டிலின் பிடியில் போய் மூடிக்கொண்டன, இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு நூல்கூடத் தடுமாறாமல்.

"ம்" என்றார் அறிவிப்பாளரம்மா. "வந்துட்டேன்."

தண்ணீர் கொதித்தது. எல்லோருக்கும் தேநீர் என்றார். தான் கொண்டுவந்த பையை மாட்டுவதற்காக மறுபடி வாசல் பக்கம் போய், தன் இடத்துக்குள் நுழையத் திரும்பியபோது தோள் எதன்மேலோ மோதியது. மெத்தென்று, உயரமாக, மூச்சு விடுகிற எதன்மேலோ.

"யாரது?"

"நான்தாம்மா" என்றார் இடுக்கு அண்ணன். "எல்லா வேலையும் முடிஞ்சுது. இந்த எடம் காலியா இருந்துச்சு. சரி, சும்மா இருக்கேன்னு..."

சின்னண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அறிவிப்பாளரம்மா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். மூச்சை உள்ளே இழுத்தார். ஊர் முழுக்கத் தெரிந்த அந்தக் குரல், நிலையத்தின் இரும்புக் கூரைகளுக்குப் பழகிய குரல், அந்தச் சின்ன வீட்டில் நிறைந்தது.

"அன்பர்களின் கவனத்திற்கு. வாசலோரம் நின்றுகொண்டிருக்கும் இடுக்கு அண்ணன், இன்னும் சில நொடிகளில் சமையலறை நோக்கிப் புறப்படும்."

இடுக்கு அண்ணன் குறித்த நேரத்தில் புறப்பட்டார்.